மேல்விரிப்பே இல்லாத கூடாரம், அதற்கு என்னிடம் 180 வெள்ளி

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை, கூடார வாடகைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஒன்பதாவது கடிதம். முதல் எட்டையும் ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பினேன். எட்டுக்கும் ஒரே பதில்தான், "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்", கீழே ஒரு எண், அவ்வளவுதான். நான்கு மொழிகளிலும் சேவை என்று உங்கள் விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள், அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். இதைப் படிப்பதற்காகவாவது நீங்கள் ஓர் ஆளைத் தேட வேண்டி வரும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறு பேர் படுக்கும் அந்தப் பச்சைக் கூடாரம், ஜூன் பள்ளி விடுமுறையின் இரண்டாவது சனிக்கிழமை சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குக் கொண்டுபோக வாடகைக்கு எடுத்தேன். வாடகை 96 வெள்ளி, முன்பணம் 150 வெள்ளி. உங்கள் ஆள் வெள்ளிக்கிழமை இரவு வீட்டு வாசலில் பையை வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையின் மேல் பச்சை ஸ்டிக்கர், "விரித்துச் சோதிக்கப்பட்டது". நான் அதை நம்பினேன். வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் ஆறு பேர் கூடாரத்தை விரித்துப் பார்க்க எந்த வாடிக்கையாளருக்கு இடம் இருக்கிறது, சொல்லுங்கள். அதற்காகத்தானே அந்த ஸ்டிக்கர்?

உபினின் மாமாம் முகாம் திடலில் மாலை 5.40க்குப் பையைத் திறந்தோம். உள்கூடாரம் இருந்தது, கம்பிகள் இருந்தன, முளைகள் இருந்தன, மேலே போடும் மழைவிரிப்பு இல்லை. அந்தக் கூடாரத்தின் கூரை முழுக்க வலைத்துணிதான் என்பது உங்களுக்கே தெரியும், மேல்விரிப்பு இல்லாவிட்டால் அது பெரிய கொசுவலை. நடுக்கம்பியிலும் இரண்டாவது மூட்டில் நீளவாக்கில் ஒரு விரிசல். என் மாமனார் புதுக்கோட்டையிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தவர், பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போய் வாடகையா மாப்பிள்ளை?" என்றார். பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த ஒரு கேள்விக்கே நீங்கள் எனக்கு இழப்பீடு தர வேண்டும்.

உடனே உங்கள் அவசர எண்ணுக்கு அழைத்தேன். உபினில் வடக்கே கடற்கரைப் பக்கம் போனால் கைப்பேசி எதிர்க்கரை ஜொகூரின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். மலேசியாவுக்கு நல்வரவு என்று குறுஞ்செய்தி வந்தது. அந்த ரோமிங்கில் 22 நிமிடம் உங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் எடுத்தவர் ஒரு தம்பி. பெயர் தெரியும், எழுத விரும்பவில்லை. அன்றைய அழைப்புப் பதிவைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அங்கிள், கேம்பிங்னா கொஞ்சம் நனையத்தான் செய்யும். வானம் நல்லாத்தானே இருக்கு?"

எனக்கு 41 வயது. அங்கிள் என்றதைக்கூட விட்டுவிடலாம், ஆனால் அந்தச் சிரிப்பை விட முடியாது. பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது கேட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்று: இன்னும் வெளிச்சம் இருக்கிறது, யாராவது ஒரு மேல்விரிப்பைச் சாங்கி முனைப் படகுத்துறைக்குக் கொண்டுவந்தால் நான் படகேறி வந்து வாங்கிக்கொள்கிறேன். பத்து நிமிடப் படகுப் பயணம்தான். "அது எங்க பாலிசில இல்ல அங்கிள்" என்றார். மறுபடியும் அங்கிள்.

அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துதான் போனோம். குழாயைத் திறந்து குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, மின்சாரம் கிடையாது, கடை கிடையாது, படகுத்துறைப் பக்கம் இருக்கும் சின்னக் கடைத்தெருவுக்குக் குழந்தைகளோடு நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். 15 லிட்டர் தண்ணீரை நானும் மாமனாரும் சுமந்துகொண்டு போனோம். அந்தச் சிரமத்துக்காகத்தான் போவதே. சாயங்காலம் ஒரு காட்டுப்பன்றி வந்து புளியோதரைப் பொட்டலத்தை அலுமினியத் தாளோடு இழுத்துக்கொண்டு போனது, அதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்லவில்லை, அது அதன் ஊர். (ஆனால் மேல்விரிப்பு இருந்திருந்தால் பொட்டலம் அதன் முன்திண்ணைக்குள் இருந்திருக்கும், அது வேறு விஷயம்.) உபினில் எதெல்லாம் கிடைக்காது என்று தெரிந்துதானே அந்தத் தீவின் படத்தை உங்கள் இணையப்பக்கத்தின் முகப்பில் போட்டு வாடகை வாங்குகிறீர்கள்?

அதிகாலை 4 மணிக்குச் சற்று முன்னால் காற்று வந்தது. ஜூன் மாதத்தில் விடிவதற்கு முன் மேற்கிலிருந்து வரும் சுமத்ராக் காற்று, இந்த ஊரில் கூடாரம் வாடகைக்கு விடும் கம்பெனிக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முதலில் நடுக்கம்பி, அந்த விரிசல் விட்ட மூட்டிலேயே படக்கென்று போனது. பிறகு மழை. மேலே வலை, நேராக முகத்தில் கொட்டியது. என் மகளுக்கு ஆறு வயது, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தவள் இருமிக்கொண்டே எழுந்தாள். ஐந்து பேரும் தரைவிரிப்பைப் பிடுங்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாமனார் ஒரு மூலை, நான் ஒரு மூலை, என் மனைவி ஒரு மூலை, நாலாவது மூலையைப் பையன் பிடித்தான், கை வலிக்க வலிக்க விடவில்லை. ஒன்பது வயது. தண்ணீர் நடுவில் குளமாகத் தேங்கி, கனம் தாங்காமல் யாராவது கையைத் தாழ்த்தினால் அவர் கழுத்துக்குள் மொத்தமும் இறங்கும்.

விடிந்ததும் படகுத்துறைக்கு நடந்தோம். பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். ஞாயிறு காலை அந்த மழையில் தீவை விட்டு யார் கிளம்புவார்கள்? ஆளுக்கு 4 வெள்ளி, நாங்கள் ஐந்து பேர், மீதி ஏழு பேருக்கும் சேர்த்து மொத்தம் 48 வெள்ளி கொடுத்து வந்தோம். அந்த 28 வெள்ளி உங்கள் கணக்கு.

சரி, இதுவரை நடந்ததைக்கூடத் தவறு நடந்துவிட்டது என்று விட்டிருப்பேன். ஒரு மன்னிப்பு, வாடகையைத் திருப்பிக் கொடுத்திருந்தால் போதும், இந்தக் கடிதமே கிடையாது.

அடுத்து, மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்கு நான் அலைந்த கதை. கூடாரத்தைத் திருப்பித் தர "கிடங்குக்கு நேரில் கொண்டுவந்தால்தான் பரிசோதனை செய்வோம்" என்று உங்கள் அரட்டைச் சேவையில் ஒருவர் எழுதினார், முகவரியும் அவரே கொடுத்தார். அந்த உரையாடல் என்னிடம் இருக்கிறது. நான் இருப்பது பாசிர் ரிஸ். கிழக்கு மேற்கு ரயில் பாதையின் இந்தக் கடைசி நிலையத்தில் ஏறி அந்தக் கடைசி நிலையமான துவாஸ் லிங்க்கில் இறங்கினேன். நாடே முடிந்துபோகிற இடம். புதன்கிழமை, அரை நாள் விடுப்பு, ஈரம் முழுதும் காயாத ஒன்பது கிலோ பை மடியில், பக்கத்தில் உட்கார்ந்த அம்மா வாடை தாங்காமல் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். இறங்கி வெயிலில் இருபது நிமிடம் நடந்து கிடங்கைக் கண்டுபிடித்தால் கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி, நல்ல மனிதர், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "அவங்க காலி பண்ணி மூணு மாசம் ஆச்சே, காக்கி புக்கிட் போய்ட்டாங்க."

காக்கி புக்கிட்! என் வீட்டிலிருந்து டாக்ஸியில் பதினைந்து நிமிடம். உங்கள் கிடங்கு எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாதா? அன்று நான் ரயிலில் செலவழித்த இரண்டரை மணி நேரத்தை எந்த விண்ணப்பப் படிவத்தில் நிரப்பிக் கேட்பது?

வெள்ளிக்கிழமை காக்கி புக்கிட்டில் கொடுத்தேன். முகப்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்லிவிட வேண்டும். பையை விரித்து, பட்டியலில் டிக் போட்டு, கையெழுத்து வாங்கினார். மூன்று நாள் கழித்து உங்கள் ரசீது வருகிறது. மேல்விரிப்பு தொலைத்ததற்கு 110 வெள்ளி. நடுக்கம்பி உடைத்ததற்கு 45. சேறு கழுவ 25. ஆகமொத்தம் 180. முன்பணம் 150ஐ எடுத்துக்கொண்டீர்கள், மேற்கொண்டு 30 வெள்ளியை ஏழு நாளுக்குள் கட்ட வேண்டுமாம்.

நீங்கள் கொடுக்காத ஒன்றை நான் தொலைத்தேன். அதற்கு நான் பணம் கட்ட வேண்டும். இதை மூன்று முறை வாசித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தேன், அவள் சிரித்துவிட்டாள்.

இப்போது முக்கியமான ஒன்று. பாசிர் ரிஸ்ஸில் கூடாரத்தைக் காயப்போட்டபோது முளைகள் இருந்த சின்னப் பையின் அடியில் ஒரு சீட்டு கிடைத்தது. உங்கள் கம்பெனி முத்திரை போட்ட மஞ்சள் சீட்டு, நான்காக மடித்தது, ஓரம் நனைந்து நீல மை கொஞ்சம் பரவியிருக்கிறது, ஆனால் நன்றாகப் படிக்க முடிகிறது. "மேல்விரிப்பு இல்லை. நடுக்கம்பி விரிசல். வெளியே அனுப்ப வேண்டாம்." தேதி மே 9. அதாவது நான் வாடகைக்கு எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் ஆள் ஒருவர் ஒழுங்காகப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். இன்னொருவர் அதன் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பிறகு மூன்றாமவர் எனக்கு ரசீது போட்டிருக்கிறார். மே 9ஆம் தேதி எழுதியவர் இன்னும் உங்களிடம் வேலை பார்த்தால் அவருக்குச் சம்பளம் கூட்டிக் கொடுங்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இந்தச் சீட்டின் படத்தை ஐந்தாவது மின்னஞ்சலிலிருந்து ஒவ்வொரு முறையும் இணைத்து அனுப்பினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.

என் பையன் தொடக்கநிலை 4. பள்ளியில் கருங்கல் பற்றி ஒரு செயல்திட்டம். ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை 1850, 51இல் கட்டியபோது கல் போனது உபினிலிருந்துதான், ஜொகூருக்குப் போகிற கடற்பாலத்துக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது என்று அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய கல்குவாரியைப் போய்ப் பார்ப்பதாக இருந்தோம், இப்போது அது நீர் நிறைந்து நாரைகள் வந்து உட்காருகிற இடம். அப்புறம் உபினின் கிழக்கு ஓரச் சதுப்பு நிலமான செக் ஜாவாவில் கடல் வற்றும் நேரம் பார்த்துப் பலகைப் பாலத்தில் நடப்பதாகவும், 1930களில் கட்டிய அந்த ஆங்கிலேயர் காலத்து வீட்டைக் காட்டுவதாகவும் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. செக் ஜாவாவைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தைக்கூட 2001இல் பொதுமக்கள் எழுதிக் கேட்டார்கள் என்று அரசாங்கம் தள்ளிவைத்தது. நான் எட்டு முறை எழுதியும் ஒரு கூடாரக் கம்பெனியிடம் பதில் வாங்க முடியவில்லை.

என் கணக்கு இது. வாடகை 96. முன்பணம் 150. படகு 28. ரோமிங் 11 வெள்ளி 40 காசு. மாமனாருக்குக் காய்ச்சல் வந்து மருத்துவரைப் பார்த்தது 64. அரை நாள் விடுப்பு. கெட்டுப்போன விடுமுறை. பையனின் செயல்திட்டம். மாமனார் ஊருக்குப் போய் இதை எத்தனை பேரிடம் சொல்வார் என்று எனக்குத்தான் தெரியும், அந்த மானநஷ்டம். எப்படிக் குறைத்துப் போட்டாலும் 1,500 வெள்ளிக்குக் கீழே வரவில்லை.

இருந்தாலும் நான் வம்புக்கு அலைகிறவன் இல்லை. வாடகையும் முன்பணமும் சேர்த்து 246, படகுக்கு 28, இந்த 274 வெள்ளியை 14 நாளுக்குள் திருப்பிவிட்டு, அந்த 30 வெள்ளி ரசீதை ரத்து செய்துவிட்டதாக எழுத்தில் கொடுங்கள். மற்றதை விட்டுவிடுகிறேன். பணிவாகவே கேட்கிறேன்.

கொடுக்காவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போவேன். அதற்கும் பேசாமல் இருந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். விசாரித்துவிட்டேன், என்னைப் போன்ற ஒரு பயனீட்டாளர் 5,000 வெள்ளி வரை கேட்க மனுக் கட்டணம் 10 வெள்ளிதான், வக்கீல் வைக்க அங்கே இடமில்லை, நீங்களும் நேரில்தான் வர வேண்டும். அங்கே நான் 274 கேட்கமாட்டேன், முழு 1,500ஐயும் கேட்பேன். அழைப்புப் பதிவையும் கொண்டுவரச் சொல்வேன், அந்தச் சிரிப்பை எல்லோரும் கேட்கட்டும்.

மஞ்சள் சீட்டின் படம் இதோடு இருக்கிறது. அசல் என்னிடமே இருக்கும், "பரிசோதனைக்காக" அனுப்பச் சொல்ல வேண்டாம். வேண்டுமானால் உங்களில் யாராவது பாசிர் ரிஸ்ஸுக்கு வந்து பார்த்துவிட்டுப் போங்கள். மாலை 7 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். தொலைபேசியில் அழைப்பதானால் அந்தத் தம்பி வேண்டாம், வேறு யாராவது பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிவேட்டில் "கூடாரம் சேதம், நிலுவை 30 வெள்ளி" என்று இருக்கும் வாடிக்கையாளர்