வெயிலுக்குக் காத்திருந்த நாலு நாள்

கோத்தகிரி,
வைகாசி 14

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கோடை நெல் மழையில் சாய்ந்து, சாய்ந்த கதிரிலேயே முளை விட்டுவிட்டது என்று எழுதியிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தவன், உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்தே நாளைக் கடத்திவிட்டேன். இதே கூத்து இங்கேயும் நடந்தது. என்னுடையது அஞ்சு சென்ட் என்பதால் ஊருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தேயிலைக்குக் கீழே இருக்கிற துண்டு நிலத்தில் கார்த்திகையில் சம்பா கோதுமை விதைத்தேன். வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த நீலகிரி கப்லி ரகம். பங்குனிக் கடைசியில் நன்றாகப் பழுத்து நின்றது. பக்கத்து வீட்டுப் படகர் இனப் பாட்டி வேலியோரம் வந்து ஒரு கதிரைக் கிள்ளிக் கடித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கே அறுத்துடு" என்றார். எனக்குப் படித்த திமிர். இன்னும் நாலு நாள் வெயிலில் நின்றால் காய வைக்கிற வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் தொட்டபெட்டா பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு எட்டு நாள் மழை விட்ட மாதிரி விடும், துணி காய்வதற்குள் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

மழை அளவைப் பார்த்தால் பெரிய மழையே இல்லை. ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் சுள்ளென்று அடித்திருந்தால் பாதிக்கு மேல் தப்பியிருக்கும். நடுவில் வெறிக்காததுதான் வினை. பழுத்த மணிக்குக் கொஞ்ச நாள் உறக்கம் உண்டு, அதுவரை நனைந்தாலும் முளைக்காது. ஆனால் ஊறிக் கிடக்கிற மணியைக் குளிரே தட்டி எழுப்பிவிடும், நம் மலையில் குளிருக்கா பஞ்சம்? உமி இறுகப் பிடித்த கோதுமை என்பதால் நிமிர்ந்து நின்ற கதிர்கள் ஓரளவு தாங்கின. மண்ணில் படுத்தவை எல்லாம் வெள்ளை வெள்ளையாக வேர் விட்டிருந்தன.

எனக்கு உறைத்த விஷயம் வேறு. மணி முற்றி முடிகிறபோதே அதற்குள் முப்பது சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்குமாம். அதற்கப்புறம் கதிர் செடியிலிருந்து ஒன்றும் வாங்கிக்கொள்வதில்லை, காய்கிறது, அவ்வளவே. அப்படியானால் நான் காத்திருந்த நாலு நாளில் எனக்கு ஒரு மணி கூடக் கூடவில்லை, பயம்தான் கூடியது. நெல்லுக்கும் இதே கணக்குத்தானே? கதிரில் எண்பது சதவீதம் பழுத்தால் அறுக்கலாம் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அறுக்கப் பெல்ட் மெஷின் கிடைக்கவில்லை என்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

முளைத்ததைக் காய வைத்து அரைத்துப் பார்த்தோம். சப்பாத்திக் கட்டையில் ஈஷிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. வாயில் வைத்தால் ஒரு அசட்டுத் தித்திப்பு. பேரப்பிள்ளைக்கு ராகியை முளைகட்டி மாவாக்கிக் கஞ்சி வைக்கிறோமே, அது கட்டியாகாமல் நீர்த்துப்போகும் இல்லையா? அதே சங்கதி. முளை விடுகிறபோது மணிக்குள் ஊறுகிற அமைலேஸ் என்கிற நொதி மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்கிவிடுகிறது. குழந்தைக்கு நாம் விரும்பிச் செய்வதைத்தான் வயலில் மழை கேட்காமல் செய்துவிட்டது. மாவு மில்காரர்கள் இதை வினாடிக் கணக்கில் அளக்கிறார்கள். மாவைக் கரைத்துச் சூடாக்கி, ஒரு கம்பி அதில் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். நல்ல மாவில் 250 வினாடிக்கு மேல் ஆகும், முளைத்த மாவில் தொபுக்கென்று இறங்கிவிடும்.

உன் நெல்லுக்கு வருகிறேன். முளை கண்டதைத் தனியாக எடுத்து மாட்டுக்கு வை. அதிலும் பூசணம் வாடை அடித்தால் மாட்டுக்கும் வேண்டாம். நனைந்து முளைக்காமல் தப்பியதைப் பச்சரிசியாக அரைக்காதே. காய்ந்த நெல் திரும்ப நனைந்தால் உள்ளே அரிசி கீறிவிடும், மில்லில் நொய்யாகக் கொட்டும். அவித்துப் புழுங்கலாக்கினால் அந்தக் கீறல் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். நம் பாட்டிமார் காரணம் தெரிந்து அவித்தார்களோ என்னவோ. ஈர நெல்லைக் குவித்து மட்டும் வைக்காதே, கை விட்டுப் பார், உள்ளே கொதிக்கும். அரிசி மஞ்சளடிப்பது அதனால்தான். 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பிவிட்டார்கள் என்ற உன் கோபம் நியாயம். வானம் மூடிக் கிடக்கையில் களத்தில் எதைக் கிளறி என்ன ஆகப் போகிறது? விதைக்கு மட்டும் இதில் ஒரு மரக்கால் கூட எடுத்து வைக்காதே.

ஒரு வேடிக்கை. கோதுமை விஷயத்தில் நம் மலைக்கே ஒரு பழி உண்டு, தெரியுமா? சமவெளியில் கோதுமையைத் தாக்குகிற துரு நோய் அங்கே கோடை வெயிலில் செத்துவிடும். நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிர்ச்சியும் ஈரமும் இருப்பதால் வருஷம் பூராவும் உயிரோடு இருந்து, இங்கிருந்து காற்றேறி வடக்கே போகிறது என்று ஆக்ராவில் இருந்த தாவர நோய் விஞ்ஞானி கே. சி. மேத்தா கண்டுபிடித்துச் சொன்னார். கார்த்திகைப் புயல் அந்தத் துருத் தூளை மத்திய இந்தியா வரை தூக்கிக்கொண்டுபோய் மழையோடு இறக்குமாம். துருவைத் தாங்குகிற ரகமா என்று சோதிக்க வெலிங்டனை விட வாகான இடம் ஏது, நோய் தானே தேடி வரும். என் பயிரில் துரு ஒரு புள்ளி கூட இல்லை. அதைத் தாண்டி வந்ததுதான் இந்த எட்டு நாளில் போனது.

பாட்டி தன் ராகியை ஒரே தடவையில் அறுப்பதில்லை. பழுத்த கதிரை மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுத்து அடுப்புக்கு மேலே பரணில் போட்டுவிடுகிறார். புகையிலேயே காய்ந்துவிடுகிறது. உன் ஆறு ஏக்கருக்குப் பரண் எங்கே கட்டுவது என்று நீ கேட்பது காதில் விழுகிறது.

நிமிர்ந்து நின்ற கதிரில் தேறியது ஏழு கிலோ. என் வீட்டுக்காரி உரலில் இடித்து ரவையாக்கி வைத்திருக்கிறாள். ஆடிப்பெருக்குக்கு அங்கே வருகிறேன், இரண்டு கிலோ உனக்கு. பெல்ட் மெஷின்காரர் நம்பரை அதற்குள் இரண்டு மூன்றாவது வாங்கி வை.

அன்புடன்,
உன் மலைக்காரன்