எண்பது என்று எழுதியவன் சொல்கிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் இதழில் முதியோர் நலம் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. 80 வயதைத் தாண்டியவர்களின் இறப்பு விகிதம் முன்பைவிடக் கூடிவிட்டது, ஆகவே இந்தக் காலத்துச் சாப்பாடும் மருந்தும் சரியில்லை என்று அதில் முடிவு கட்டியிருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்த விகிதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கடலூர் மாவட்டக் கிராமங்களில் முப்பது வருஷத்துக்கு மேல் இறப்புப் பதிவேடு எழுதியவன் நான். 1980-ல் கர்ணம், மணியக்காரர் என்ற பழைய ஊர்ப் பதவிகள் ஒழிந்த பிறகு வேலைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர்களில் (வி.ஏ.ஓ.) ஒருவன்.

ஊரில் யாராவது இறந்தால் தலையாரி வந்து சொல்வார். அப்புறம் இரண்டு நாள் கழித்து மகனோ பங்காளியோ வருவார். "பாட்டிக்கு என்ன வயசு?" என்று கேட்பேன். "எண்பதுக்கு மேலயே இருக்குங்க, எண்பதுன்னே போட்டுக்கங்க." போட்டுக்கொண்டேன். காரணம் என்ற இடத்தில் 'வயோதிகம்'. என் பதிவேடுகளில் 75, 80, 85, 90 என்று செத்தவர்கள் வரிசையாக இருப்பார்கள். 83 வயதில் யாராவது போயிருந்தால் அவர் பள்ளிக்கூட வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும். நிலம் இருந்தவர் இறந்தால் வாரிசுச் சான்றுக்காக மறுவாரமே வந்துவிடுவார்கள். ஒரு சென்ட் நிலமும் இல்லாத கிழவி போனால் எத்தனை வீட்டில் பதிவு செய்யத் தோன்றியது என்பதை நான் சொல்லாமலே விடுகிறேன்.

இறந்தவர்களை உயிரோடிருப்பவர்களால் வகுத்தால் இறப்பு விகிதம். வகுக்கப்படும் எண்ணான இறந்தவர்கள் கணக்கு இப்படி. வகுக்கும் எண்ணான உயிரோடிருப்பவர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறார்கள். அங்கேயும் வயது இதே மாதிரி 0-விலும் 5-லும் போய்க் குவியும். ஆனால் சொல்பவர் வேறு ஆள். அங்கே மருமகள் சொன்ன வயது, இங்கே பங்காளி சொன்ன வயது. இரண்டையும் ஒரே கிழவிக்கு ஒட்ட வைத்துத்தான் விகிதம் போடுகிறோம். அதிலும் 2011-க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021-ல் நடக்க வேண்டியது தள்ளித் தள்ளி 2027-க்குப் போயிருக்கிறது. இடைப்பட்ட வருஷங்களுக்கு மதிப்பீடுதான்.

வயதைக் கூட்டிச் சொல்வதில் ஒரு வேடிக்கை உண்டு. முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 ஆனால் 500. 74 வயதுக்காரர் 80 ஆகிவிட ஆசைப்படுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்கள் சேரச் சேர, '80-க்கு மேல்' என்ற கும்பலில் உண்மையில் இளையவர்கள் கலந்துவிடுகிறார்கள். அவர்கள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. அதனால் இறப்பு விகிதம் குறைவாகத் தெரியும். பிறகு பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று என்று வயது ஒழுங்காகப் பதிவாகத் தொடங்கும்போது அந்தக் கலப்படம் குறையும், விகிதம் ஏறும். யாரும் அதிகமாகச் சாகவில்லை, வயதுதான் திருந்தியிருக்கிறது. கட்டுரையாளர் இதை யோசித்த மாதிரியே தெரியவில்லை.

சரி, எல்லோரும் உண்மையான வயதையே சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் '80-க்கு மேல்' என்பது அடி இல்லாத சாக்கு. முதுமையில் சாவின் வாய்ப்பு ஏறக்குறைய எட்டு வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. லண்டனில் கோம்பெர்ட்ஸ் என்ற கணக்கர் 1825-லேயே இந்த ஏறுமுகத்தைச் சூத்திரமாக எழுதிவிட்டார். 80-ம் 96-ம் ஒரே வயது இல்லை. ஒரு கற்பனைக் கணக்கு: அன்று ஊரில் எண்பதுகளில் 80 பேர், தொண்ணூறைத் தாண்டியவர் 20 பேர். முதல் கூட்டத்தில் நூற்றுக்குப் பத்து, இரண்டாவதில் நூற்றுக்கு 25 சாவு. மொத்தம் 13, அதாவது நூற்றுக்கு 13. இன்று எண்பதுகளில் 100, தொண்ணூறுக்கு மேல் 100. சாவு நூற்றுக்கு 9, நூற்றுக்கு 23 என்று இரண்டிலும் குறைந்திருக்கிறது. மொத்தம் 200 பேரில் 32, நூற்றுக்கு 16! இரண்டு கூட்டத்திலும் குறைந்தது, சேர்த்துப் பார்த்தால் கூடிவிட்டது. இன்றைய விகிதங்களை அன்றைய 80, 20 பேர் மீது போட்டுப் பார்த்தால் 11.8 வரும். ஒப்பிடுவதாக இருந்தால் 13-ஐயும் 11.8-ஐயும்தான் ஒப்பிட வேண்டும். மாதிரிக்குச் சில இடங்களில் மட்டும் பிறப்பு, இறப்பைக் கணக்கெடுக்கும் நம் நாட்டு மாதிரிப் பதிவு முறையின் அட்டவணையே '85-க்கு மேல்' என்று முடிந்துவிடுவதால், அதற்கு மேல் யார் எப்போது போனார் என்பது அந்தச் சாக்குக்குள்ளேயே கிடக்கிறது.

புதுச்சேரியின் விகிதம் நம்முடையதைவிட மோசம் என்றும் கட்டுரையில் ஒரு வரி. இறப்பைப் பதிவது நடந்த இடத்தில், வசித்த இடத்தில் அல்ல. எங்கள் பக்கத்துக் கிழவர்களை முடியாத கட்டத்தில் முள்ளோடை எல்லை தாண்டிப் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அங்கே போன உயிர் அந்த ஊர்க் கணக்கில் ஏறும். வாழ்ந்தது என்னவோ கடலூரில். 2011 டிசம்பர் 30-ல் அடித்த 'தானே' புயலையும் கொரோனா வருஷங்களையும் தனியாக எடுத்து ஒப்பிடுவதும் அப்படித்தான். ஒரு கெட்ட வருஷம் பலவீனமானவர்களை முன்கூட்டியே கொண்டுபோய்விடும், அடுத்த வருஷம் விகிதம் சும்மாவே இறங்கும்.

கணக்கெடுப்பை நம்பாமலும் ஒரு வழி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் பால் வின்சென்ட் 1951-ல் எழுதியது. ஒரு குறிப்பிட்ட வருஷத்தில் பிறந்த அத்தனை பேரும் போய்ச் சேரும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு கடைசிச் சாவிலிருந்து பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் உயிரோடிருந்தார்கள் என்று தானே வந்துவிடும். ஆனால் அதற்கு ஒவ்வொரு சாவையும் தவறாமல் பதிய வேண்டும். ஜப்பானில் 2010-ல் தேடிப் பார்த்தபோது, குடும்பப் பதிவேட்டில் நூறு தாண்டி 'உயிரோடிருந்த' இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் எங்கே என்றே தெரியவில்லை. அந்த நாட்டிலேயே அப்படி என்றால் என் பதிவேட்டை நீங்கள் மன்னிக்கலாம்.

என் அம்மா தாது வருஷம் ஆடி மாதம் பிறந்தவர். தாத்தாவின் நோட்டில் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும் பெயர் என்றாலும் குழப்பமில்லை. 1876 ஆகவும் முடியாது, 1996 ஆகவும் முடியாது, 1936-தான். ஆதார் அட்டையில் 1930 ஜனவரி 1. கணக்கெடுக்க வருபவரிடம் அந்த நோட்டைக் காட்டுவதாக இருக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். "நூறுன்னே எழுதிக்கச் சொல்லுடா" என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.