சாவி போட்டால் மட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். உன் ஹிமாலயன் 411 பைக்குக்கு வாங்கிய ஃபாக் லைட் ஜோடி, போன் சார்ஜர் இரண்டின் சிவப்பு வயரையும் பேட்டரி பிளஸிலேயே முறுக்கிவிட்டு "எரியுதுப்பா" என்று எழுதியிருக்கிறாய். எரியும்தான். சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகும் எரியும், அதுதான் சிக்கல். லைட்டையாவது சுவிட்சில் அணைப்பாய். சார்ஜரில் இருக்கும் நீலப் பொட்டும் வோல்ட் காட்டும் எண்ணும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் இழுத்தாலே ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை ஆம்பியர்-ஹவர் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) போய்விடும். உன் பேட்டரி மொத்தமே 8 ஆம்பியர்-ஹவர். வண்டியை நிறுத்திவிட்டு எட்டு நாள் ஊரில் இருந்துவிட்டுப் போனால் பாதி காலி. அந்த வண்டியில் கிக்கரும் கிடையாது.

இதைக் கேட்டதும் கடையில் யாராவது "இக்னிஷன் வயரிலிருந்து கிளை எடுத்துக்கோங்க, சாவி போட்டாத்தான் வரும்" என்பார்கள். அதையும் செய்யாதே. அந்த வயரும் அதன் ஃபியூஸும் வண்டியின் தேவைக்கு அளந்து போட்டவை. லைட்டின் சுமையையும் அதில் ஏற்றிவிட்டால், எங்கோ ஒரு இடத்தில் லைட் வயர் நசுங்கி ஷார்ட் ஆனதும் இக்னிஷன் ஃபியூஸ் போகும், கூடவே இன்ஜினும் நிற்கும். தொப்பூர் இறக்கத்தில், பின்னால் லாரி வரும்போது அது நடக்கக் கூடாது.

ஆகவே சாவியிலிருந்து வரும் வயர் உத்தரவு மட்டும் கொடுக்கட்டும். சுமைக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து தனி வழியில் வரட்டும். இரண்டுக்கும் நடுவில் உட்காருவது ரிலே, சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். 12 வோல்ட், 30 ஆம்பியர், நாலு கால் ரிலே ஒன்று, அதற்கான சாக்கெட்டோடு வாங்கு. பெங்களூரில் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், சென்னை என்றால் புதுப்பேட்டை.

காலடியில் எண் போட்டிருக்கும். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலின், அதாவது கம்பிச் சுருளின், முனைகள்: 86-இல் உத்தரவு வயர், 85-இல் மைனஸ். 30-இல் பேட்டரி பிளஸ் வரும், 87-இலிருந்து லைட்டுக்குப் போகும். ஜெர்மன் தரத்தில் வந்த எண்கள் இவை. எந்தக் கம்பெனி ரிலேயை வாங்கினாலும் பெரும்பாலும் இதே எண்தான். ஐந்து கால் ரிலேயைக் கொடுத்தால் அதில் 87ஏ என்று ஒன்று கூடுதலாக இருக்கும். அது நேர் எதிர்: சாவி அணைந்திருக்கும்போது கரண்ட் தரும். அதில் மாட்டிவிட்டு "ரிலே ரிப்பேர்" என்று திட்டுபவர்கள் நிறைய.

காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான். அதனால் உத்தரவு வயரைப் பின்விளக்கின் பார்க்கிங் லைட் வயரிலிருந்து எடுத்தால் போதும். அதில் ஏதாவது கெட்டாலும் போவது பின்விளக்கு, இன்ஜின் இல்லை. ஆனால் நிறத்தை நம்பி எடுக்காதே, மல்டிமீட்டரை நம்பு. கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வை. சிவப்பு முனையில் மெல்லிய குண்டூசி ஒன்றைச் சேர்த்து, கனெக்டரின் பின்பக்கமாக வயரோடு ஒட்டி உள்ளே விடு. இன்சுலேஷனைக் குத்தாதே, அந்தத் துளை வழியாகத்தான் தண்ணீர் ஏறி உள்ளே செம்பு பச்சையாகும். சாவி அணைத்தால் 0, போட்டால் பேட்டரியில் காட்டும் அதே வோல்ட், பிரேக்கை மிதித்தாலும் விட்டாலும் மாறக்கூடாது. பிரேக்குக்கு மட்டும் உயிர் வந்தால் அது பக்கத்து வயர். பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், சென்சார், ஏபிஎஸ், இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ இவற்றுக்குப் போகும் வயர் எதையும் தொடாதே. காயில் அணையும்போது ஒரு துள்ளல் வோல்டேஜ் பின்னோக்கி வரும். அதைத் தாங்குவதற்குப் பிறந்தவை அல்ல அவை. பின்விளக்கு வயராக இருந்தாலும் அந்தத் துள்ளலை அடக்க 85-க்கும் 86-க்கும் குறுக்கே கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டையோடு ஒன்று போட்டுவிடு, விலை ஒன்றிரண்டு ரூபாய். வெள்ளைக் கோடு போட்ட முனை பிளஸ் வரும் பக்கம், அதாவது 86-இல். திருப்பிப் போட்டால் சாவி போட்டதும் ஷார்ட். ரிலேயின் மேல் படத்திலேயே டையோடு வரைந்திருந்தால் இது வேண்டாம்.

பெரியப்பாவின் பழைய ஸ்பிளெண்டருக்கும் இதையே செய்யலாமா என்று அடுத்துக் கேட்பாய். பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போவது இன்ஜினோடு சேர்ந்து கரண்ட் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து வரும் ஏசி. அதில் எல்இடியோ சார்ஜரோ மாட்டினால் மினுக்கும், பிறகு சாகும். மீட்டரை டிசியில் வைத்துப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்.

உத்தரவு வயரைப் பின்விளக்கு வயரிலிருந்து எப்படிப் பிரித்து எடுப்பது என்பதில்தான் பாதி வேலை கெடுகிறது. வயர் மேல் வைத்து பிளையரால் அமுக்கும் நீலக் கிளிப் ஒன்று கிட்டோடு வந்திருக்கும். அதைத் தூக்கிப் போடு. உள்ளே இருக்கும் தகடு வயரின் சில இழைகளை அறுத்துக்கொண்டுதான் உட்காரும். மீதி இழைகள் அதிர்வில் ஒவ்வொன்றாகப் போகும். சால்டரும் எனக்குப் பிடிக்காது. ஈயம் இழைகளுக்குள் ஏறி ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு வயரைக் கம்பி மாதிரி ஆக்கிவிடும், ஈயம் முடியும் அந்த இடத்திலேயே ஒடியும். ஒற்றை சிலிண்டர் வண்டியில் அதற்கு ரொம்ப நாள் ஆகாது. பின்விளக்கு கனெக்டருக்குப் பொருந்தும் ஆண், பெண் கனெக்டர் ஒரு ஜோடி வாங்கி, நடுவில் ஒரு வயர் பிரியும்படி குட்டி 'ஒய்' ஒன்று நீயே செய். கம்பெனி வயரில் கத்தியே படாது. வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம்.

வயர் முனையில் மாட்டும் உலோகக் காதான லக்கை அடிப்பதற்கு அதற்கென்று இருக்கும் பிளையரையே வாங்கு, சாதாரண பிளையரால் நசுக்காதே. ஆறு மில்லிமீட்டர் தோலை உரி, இழை ஒன்றுகூட அறுபடாமல். சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை முதலில் வயரில் கோத்துக்கொள்; லக்கை அடித்த பிறகுதான் எல்லாருக்கும் அது ஞாபகம் வரும். லக்கின் பின் காது இரண்டும் தோலையும், முன் காது இரண்டும் செம்பையும் பிடிக்க வேண்டும். அடித்ததும் நன்றாக இழுத்துப் பார். உருவிக்கொண்டு வந்தால் அது இன்றைக்கு வந்ததே நல்லது.

வயர்: வண்டிக்கென்று விற்கும் மெல்லிழை வயர். வீட்டு ஒற்றைக் கம்பி வேண்டாம். பேட்டரியிலிருந்து 30-க்கு 2.5 ஸ்கொயர் எம்எம், லைட்டுக்கு 1.5, உத்தரவு வயருக்கு 0.5 போதும். உன் லைட் ஒன்று 20 வாட், இரண்டும் சேர்ந்து 3 ஆம்பியர் சொச்சம். பெட்டியில் 60 வாட் என்று அச்சடித்திருந்தால் நம்பாதே, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளந்து பார்.

ஃபியூஸ் காப்பாற்றுவது லைட்டை அல்ல, வயரை. அதனால் முதல் ஃபியூஸ் பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் போட்டால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் உரசி ஃபிரேமைத் தொடும்போது அதைத் தடுக்க ஆளே இருக்காது. டேங்குக்கு அடியில் தோல் எரியும். இங்கே நீல நிற 15 ஆம்பியர். 87-க்குப் பிறகு இரண்டாகப் பிரித்து, லைட்டுக்கு பழுப்பு 7.5, சார்ஜருக்கு ஊதா 3. உத்தரவு வயரிலும் சாம்பல் நிற 2 ஆம்பியர் ஒன்று போடு. போன ஃபியூஸுக்குப் பதில் பெரியதைப் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். லைட்டின் சுவிட்ச் லைட் கிளையில் வரட்டும். உத்தரவு வயரில் வைத்தால் சார்ஜரும் சேர்ந்து அணையும்.

மைனஸ் வயர்களை ஃபிரேம் போல்ட்டில் மாட்டாமல் பேட்டரி மைனஸுக்கே கொண்டுவா. பெயின்ட்டும் துருவும் ஊடே வந்தால் லைட் மங்கும், எங்கே கோளாறு என்று அரை நாள் தேடுவாய். வேலை தொடங்கும்போது முதலில் மைனஸைக் கழற்று, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டு. மைனஸ் இருக்கும்போது பிளஸைக் கழற்றினால் ஸ்பேனர் ஃபிரேமில் பட்ட நொடியில் பொறி பறக்கும்.

ரிலேயைக் கால் கீழே பார்க்கும்படி கட்டு, தண்ணீர் தங்காது. வயரை கம்பெனி ஹார்னெஸ் போகும் வழியிலேயே, ஸ்லீவுக்குள் விட்டுக் கொண்டுபோ. சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி. ஸ்டீயரிங் கழுத்துப் பக்கம் ஒரு கை வளைவு விட்டுக் கட்டு. கேபிள் டையை வயர் லேசாக நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கு. பிறகு இன்ஜினை ஐடிலில் விட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பு. லைட் மினுக்கினால் வயர் இழுபடுகிறது. ஆர்பிஎம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிளை அதோடு சேர்த்துக் கட்டிவிட்டாய், உடனே அவிழ்.

முடித்ததும் மூன்று அளவு எடு. எல்லாம் எரியும்போது ஐடிலில் பேட்டரி வோல்ட், அதே 3000 ஆர்பிஎம்மில். இரண்டாவது 13.5-க்கு மேல் இருந்தால் சரி. ஐடிலில் 12.5-க்கு இறங்கினால் சிக்னலில் நிற்கும்போது ஃபாக் லைட்டை அணைத்துவிடு. மூன்றாவது, சாவியை எடுத்துவிட்டு மைனஸ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டர்: முதலில் 10 ஆம்பியர், பிறகு மில்லி ஆம்பியர். அந்த நிலையில் மறந்தும் சாவியைப் போடாதே, மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியர்தான் காட்ட வேண்டும்.

மூன்றையும் எனக்கு அனுப்பு. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் தெரிகிற மாதிரி ஒரு படமும். அதுவரைக்கும் அந்த இரண்டு சிவப்பு வயரையும் இன்றைக்கே கழற்றி டேப் சுற்றி வை.

அன்புடன்,
அப்பா