இரண்டாம் சனிக்கிழமை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை. நீ கேட்டிருந்த கேள்விக்கு என்னிடம் அப்போது ஒழுங்கான விடை இல்லை. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த கதையையும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்து உன் தொண்டை கட்டிப்போன கதையையும் எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒன்றைக் கேட்டிருந்தாய்: "தாயால் வளர்க்க முடியாத குழந்தையைப் பிள்ளையில்லாத வீட்டுக்குத் தத்து கொடுத்துவிட்டால் முடிந்தது. இதற்கு எதற்கு இரண்டு வருடப் படிப்பு?" காப்பீட்டு நிறுவன வேலையை விட்டுவிட்டு 31 வயதில் சமூகப்பணி படிக்கப் போனவளிடம் என் அம்மாவும் இதைத்தான் கேட்கிறார், இன்னும் கொஞ்சம் காரமான சொற்களில்.

இந்தக் கல்வியாண்டில் வாரந்தோறும் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் களப்பணி. ஒரு தொண்டு நிறுவனத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு சேர்ந்து வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பங்களைப் பார்த்துவருவது அவர்களுடைய வேலை. வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்து அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தத்து கொடுத்தால் பெற்றவர்களோடு சட்ட உறவு அறுந்துபோகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் அது அறுவதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 44ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது: குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி குழந்தை வேறொரு குடும்பத்தில் வளரும், பெற்றவர் வந்து பார்க்கலாம், அவர் தேறிவிட்டார் என்று குழுவுக்குத் தெளிவானால் குழந்தை அவரிடமே திரும்பும். தத்துக்கு உரிய குழந்தை என்று குழு கருதும் பிள்ளையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கக் கூடாது என்றுகூட அந்தப் பிரிவு சொல்கிறது. ஆக, உன் கேள்விக்குச் சட்டத்தின் பதில் எளிது: எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. சட்டத்தின் பதிலோடு நான் நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்தைப் போன மாதமே அனுப்பியிருப்பேன்.

எனக்கு ஒப்படைக்கப்பட்டவன் எட்டு வயதுப் பையன். பெயரை எழுத மாட்டேன். இரகசியம் காப்பது எங்கள் தொழிலில் முதல் பாடங்களில் ஒன்று, நீயும் வற்புறுத்த மாட்டாய் என்று தெரியும். அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு மனநலம் குலைந்து, ஒரு பேருந்து நிலையத்தில் இருவரையும் கண்டெடுத்து, அவரைச் சிகிச்சைக்கும் இவனை ஒரு இல்லத்துக்கும் அனுப்பினார்கள். இரண்டு வருடம் இல்லத்தில் இருந்தான். 2024 ஜூனில் பள்ளி திறக்கும் நேரத்தில் ஒரு தையற்கார அக்காவின் வீட்டுக்கு வந்தான். கணவர் லாரிப் பட்டறையில் வேலை செய்கிறார்; மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்; வீட்டில் மாமியாரும் உண்டு.

நான் முதன்முதலாகப் போன நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா உலையிலிருந்து சோற்றை இன்னும் வடித்திருக்கவில்லை. பையன் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு சமையலறை வாசலில், சுவரை ஒட்டி, நேராக நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை. அவன் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். "உட்காருப்பா, போட்டு எடுத்துட்டு வர்றேன்" என்று அக்கா சொன்னதற்கு, "சரிங்க மேடம்" என்றான், நகரவில்லை. தண்ணீர் குடிக்கவும் கேட்பானாம்: "மேடம், தண்ணி குடிச்சுக்கட்டுமா?" வந்து இத்தனை மாதமாகியும் அந்த 'மேடம்' போகவில்லையே என்பதுதான் அக்காவின் பெரிய மனக்குறை.

வகுப்பில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடந்த ஆய்வைப் பற்றிப் படித்திருந்தோம். 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. குழந்தைகள் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், அறிவிலும் பாசப் பிணைப்பிலும் நன்றாகத் தேறினார்கள். அதைப் படித்தபோது, வீடு கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே இருந்தவை பால் குடிக்கிற, தவழ்கிற குழந்தைகள். எட்டு வயதுப் பிள்ளை ஒரு வாழ்க்கையைக் கையில் கொண்டு வருகிறான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்த வீட்டில் கூடத்துச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. மளிகைக் கடையில் தருவார்களே, தினம் ஒரு தாள் கிழிக்கிற வகை, இராகு காலம் எமகண்டம் போட்டது. காலையில் எழுந்து அதைக் கிழிப்பது பையனின் வேலை. வேறு யாரும் கைவைக்கக் கூடாது. இரண்டாம் சனிக்கிழமைத் தாளின் ஓரத்தை மட்டும் முன்கூட்டியே மடித்து வைத்திருப்பான். அன்றைக்குத்தான் அவன் அம்மா அலுவலகத்துக்கு வருவார். இரும்பு நாற்காலிகள் போட்ட ஒரு அறையில், ஒரு மணி நேரம், எங்களில் ஒருவர் முன்னிலையில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். பார்த்துவிட்டு வந்த அன்று இரவு படுக்கையை நனைப்பான். மறுநாள் சாப்பிட மாட்டான். பள்ளியில் யாரையாவது அடித்துவிட்டு வருவான். புதன்கிழமை வாக்கில் சரியாகிவிடும்.

மூன்றாவது முறை இப்படி நடந்தபோது அக்கா என்னிடம் கேட்டார்: "அவங்க வராத வாரமெல்லாம் புள்ள நல்லாத்தாம்மா இருக்கான். கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்னு எழுதிக் குடுங்களேன்." எனக்கு அது நியாயமாகவே பட்டது. சந்திப்புகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று குறைக்கலாம் என, காரண காரியங்களோடு, நானே மெச்சிக்கொள்ளும் நடையில் களப்பணி அறிக்கையில் எழுதினேன். சனிக்கிழமை அறிக்கை திரும்பி வந்தது. என் மேற்பார்வையாளர் சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "யாருடைய நிம்மதிக்கு?" அதோடு, அம்மாவை நான் எத்தனை முறை தனியாகப் பார்த்துப் பேசியிருக்கிறேன் என்று கேட்டார். ஒரு முறைகூட இல்லை. அவரைப் பற்றி என் குறிப்பேட்டில் இருந்ததெல்லாம் 'மனநலம் பாதிக்கப்பட்டவர், தொடர் சிகிச்சையில்' என்கிற ஒரு வரி. அக்கா குடும்பத்தைப் பற்றியோ பதினொரு பக்கம் எழுதியிருந்தேன்.

மறு வாரம் இரண்டு பேருந்து மாறி அவரைப் பார்க்கப் போனேன். ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறார். மாத்திரையைத் தவறாமல் போடுகிறார். மாத்திரையால் கை நடுங்குவதால் கண்ணாடித் தம்ளர்களை அவரிடம் தருவதில்லை. பையனைப் பற்றி நான் கேட்கத் தயாரித்துக்கொண்டு போன கேள்விகளை அவர் கேட்கவிடவில்லை. அவரே கேட்டார்: "அந்த அக்கா அவனுக்கு எண்ணெ தேச்சு விடுறாங்களா? காலையில தேச்சா அவனுக்குச் சளி புடிக்கும்மா. வெயில் ஏறுனப்புறம் தேக்கச் சொல்லுங்க." பிறகு, தான் அலுவலகத்துக்கு வரும் நாளில் முதல் நாள் இரவே தலைக்குக் குளித்து, நகம் வெட்டி, இருப்பதில் நல்ல சேலையை எடுத்து வைத்துவிடுவதாகச் சொன்னார். பேருந்து நிலையத்தில் தான் இருந்த கோலத்தைப் பையன் பார்த்திருக்கிறான், அதனால்தான். நான் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

எண்ணெய் விஷயத்தை அப்படியே அக்காவிடம் போய்ச் சொன்னேன். சிறிது நேரம் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருந்தார். "இத மொதல்லயே கேட்டுச் சொல்லியிருக்கலாம்ல. ஐப்பசி பூரா இருமிக்கிட்டே கெடந்தான்" என்றார். அந்தக் கோபம் என் மேல்தான், நியாயமான கோபம். ஆனால் அதற்கு அடுத்த மாதம், அலுவலக நாற்காலியில் எதற்கு, இங்கேயே வரச் சொல்லலாமே என்று அவரே கேட்டார். குழுவிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினோம். ஜனவரியிலிருந்து அம்மா அந்த வீட்டுக்கே வந்து பார்க்கிறார். படுக்கை நனைவது நின்றுவிட்டதா என்று கேட்காதே, நிற்கவில்லை. அதை நான் இப்போது வேறு விதமாகப் படிக்கிறேன், அவ்வளவுதான்: பிரிந்து வருகிற பிள்ளை அழாமல் இருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தைப் பற்றிப் பேசுவது கேவலம் என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். தெருவுக்கெல்லாம் அது தெரியும்; "மாசம் நாலாயிரம் வருதாம்ல" என்று தண்ணீர்க் குழாயடியில் அக்கா காதுபடவே பேசியிருக்கிறார்கள். வந்தால் பேசட்டும், அதுவே முதல் நான்கு மாதம் வரவில்லை. எந்த மேசையில் கோப்பு தூங்கியது என்று நான் எழுதப்போவதில்லை. சீட்டுப் பணத்தை எடுத்துத்தான் பையனுக்குக் காலணியும் புத்தகப் பையும் வாங்கினார்கள். "காசுக்காகவா வெச்சிருக்கோம்" என்று அக்கா சொன்னதை நம்பி நானும் சும்மா இருந்துவிட்டேன். பட்டறையில் மிகுதி நேர வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு வரும் அந்த மனிதரின் முகத்தை ஒரு நாள் பார்த்த பிறகுதான் கடிதம் எழுதினேன், தொலைபேசியில் நச்சரித்தேன். பாசம் இருக்கிறவர்களுக்குப் பணம் வேண்டாம் என்பது பணம் கொடுக்க வேண்டியவர்களுக்கு வசதியான எண்ணம்.

அந்த வீட்டு மாமியாரை நான் கடைசியில்தான் கவனித்தேன். வீட்டைப் பற்றிய ஆய்வறிக்கையில் வருமானம், அறைகள், கழிப்பறை, அக்கம்பக்கம், உடல்நலம் எல்லாம் எழுத இடமிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி என்ன நினைக்கிறார் என்பதை நான் கேட்கவே இல்லை. அவரோ என்னைக் கேட்டார்: "புள்ள என்ன ஆளுங்கம்மா?" நம் ஊரில் இந்தக் கேள்வி வராத வீடு எத்தனை இருக்கும்? எனக்குத் தெரியாது என்று பொய் சொல்லவும் மனமில்லை. தெரியும், சொல்ல மாட்டேன் என்பது அதைவிட மோசமாக அவர் கற்பனையைத் தூண்டும். திணறினேன். "அதச் சொல்லக் கூடாதுன்னு எங்க வேலையில விதி இருக்கு பாட்டி" என்றேன். "விதியா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். பையனுக்கென்று அந்த வீட்டில் ஒரு தம்ளர் தனியாக இருந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். முன்பும் அது இருந்திருக்க வேண்டும். அக்காவிடம் பேசினேன், அடுத்த முறை போனபோது அந்தத் தம்ளர் இல்லை. பாட்டி மாறிவிட்டாரா, இல்லை தம்ளர்தான் அலமாரிக்குப் போய்விட்டதா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்கும் படிவம் இதை மட்டும் கேட்பதில்லை.

என் சொந்தப் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். அரைப் பரீட்சை விடுமுறைக்கு முந்தின வியாழக்கிழமை கட்டாயம் வருகிறேன் என்று பையனிடம் சொன்னேன். எங்கள் கல்லூரியில் திடீரென்று ஒரு தேர்வு வைத்ததால் போக முடியவில்லை. அலுவலகத்துக்குத் தகவல் சொன்னேன், அவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை. மதியம் முழுவதும் தெருமுனையில் நின்றானாம். அடுத்த வாரம் போனபோது என்னை 'மேடம்' என்று கூப்பிட்டான். அதுவரை நான் 'அக்கா'வாக இருந்தேன். சமூகப்பணி அறிஞர் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கோட்பாடுகளில் 'கட்டுப்பாடான உணர்வு ஈடுபாடு' என்ற ஒன்றைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். அதன் பொருள் தள்ளி நிற்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கொடுக்க முடிகிற வாக்கை மட்டும் கொடுப்பதும் அதற்குள் அடக்கம் என்று அந்த 'மேடம்' கற்பித்தது.

ஏப்ரலில் களப்பணி முடிகிறது. இப்போதே அவனிடம் சொல்லிவிட்டேன். நாள்காட்டியில் என் கடைசி வியாழக்கிழமையையும் தேடி மடித்து வைத்திருக்கிறான். அம்மாவிடம் திரும்பிப் போவானா, இங்கேயே இருப்பானா என்பதைக் குழு தீர்மானிக்கும். அவன் அம்மாவுக்கு ஒரு வாடகை அறை கிடைக்க வேண்டும், நிலையான சம்பளம் வேண்டும், மாத்திரை விடாமல் கிடைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நாள் தள்ளிப்போகும்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. போன வெள்ளிக்கிழமை அவனுக்கு வீட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். இரண்டில் ஏழு போகாது, பக்கத்து ஐந்திடம் கடன் வாங்கு என்றேன். வாங்கினான், சரியாகக் கழித்தான், 25 என்று எழுதினான். பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டான்: "கடன் வாங்குனத அஞ்சுகிட்ட எப்பக்கா திருப்பித் தரணும்?" தர வேண்டியதில்லை என்றேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. நீ பத்து வருடமாக மூன்றாம் வகுப்புக்கு இதைத்தானே நடத்துகிறாய்? வியாழக்கிழமைக்குள் ஒரு பதில் எழுது. தொலைபேசியில் சொன்னாலும் சரி.

உன் மகளுக்கு என் முத்தங்கள். தொண்டைக்குச் சுக்குத் தண்ணீர் குடி.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி