அந்த வகுப்பிலேயே உட்கார், அம்மிணி

கண்ணு,

நேற்று நீ பேசி வைத்ததும் அம்மா தூங்கப் போய்விட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. மஞ்சள் வேகவைத்த ஆட்களெல்லாம் போன பிறகு சாளைத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிங்கப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான்.

எம்.எஸ்சி. கணக்கில் முதல் வகுப்பில் தேறிய என்னை, இந்தக் கலிபோர்னியா காலேஜில் இங்கிலீஷை இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்கள் கூட்டத்தில் உட்கார வைக்கிறார்களே என்று அழுதாய். பக்கத்தில் அம்மா வயதில் ஒரு வியட்நாம்காரம்மா, பின்னால் ஹோட்டல் வேலை முடித்து அப்படியே வருகிற மெக்சிகோ பையன், இவர்களோடு நானா என்று கேட்டாய். எந்த வகுப்பு என்று நீயே முடிவு செய்யலாம் என்று காலேஜில் படிப்புக்கு வழி சொல்கிற கவுன்சிலர் சொல்லிவிட்டதால், ஈ.எஸ்.எல். என்கிற இந்த வகுப்பை விட்டுவிட்டு நேராக எல்லோரும் படிக்கிற முதல் வருடக் கட்டுரைப் பாடமான காம்போசிஷனுக்கே போய்விடலாமா என்றும் கேட்டாய். போகாதே. ஒரு செமஸ்டராவது அங்கேயே இரு.

காரணம் சொல்கிறேன். நான் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன முதல் மாதம், இங்கிலீஷ் வகுப்பில் என்னை எழுப்பி ஒரு பக்கம் படிக்கச் சொன்னார்கள். அதில் கர்னல் என்கிற சொல் வந்தது. எழுத்தில் இருக்கிறபடி 'கலோனெல்' என்று படித்தேன். வகுப்பே சிரித்தது, பாடம் நடத்தியவரும் சிரித்தார். அன்றைக்கு வாயை மூடினவன் மூன்று வருடம் திறக்கவில்லை. கைடு வாங்கி மனப்பாடம் செய்து பாஸ் செய்தேன். மாலை நேரத்து உலாவைப் பற்றி மூன்று பக்கம் பிழையில்லாமல் எழுதுவேன், ஆனால் காய்ச்சல், இரண்டு நாள் லீவு வேண்டும் என்று சொந்தமாக நாலு வரி எழுத வராது.

அது எங்கே வந்து அடித்தது தெரியுமா? நீ அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். மும்பையில் இருந்து மஞ்சள் வாங்குகிற ஒருவர் கடிதம் போட்டிருந்தார். 'டூ நாட் டிஸ்பேட்ச் அன்லெஸ் யூ ஹியர் ஃப்ரம் அஸ்' என்று ஒரு வரி. தகவல் வராவிட்டால் அனுப்பாதே என்பதுதான் அதன் அர்த்தம். எங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் அனுப்பிவிடு என்று நான் புரிந்துகொண்டேன். நாலு நாள் பார்த்தேன், தகவல் வரவில்லை, விரலி மஞ்சள் ஒரு லோடு ஏற்றி அனுப்பிவிட்டேன். லாரி அப்படியே திரும்பி வந்தது, இரண்டு பக்க வாடகையும் நான்தான் கட்டினேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. நம் பேச்சில் 'வராவிட்டால்' என்று சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொள்வது அங்கே தனிச் சொல்லாக நடுவில் நிற்கிறது, அதை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. உனக்கு இப்போது சொல்லித்தர ஒரு ஆள் இருக்கிறார், கண்ணு.

நீ போட்டோ எடுத்து அனுப்பின கட்டுரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏ (a), தி (the) இரண்டும் தப்பென்று டீச்சர் பதினாலு இடத்தில் வட்டம் போட்டிருக்கிறார். இது நம் மொழியில் இல்லவே இல்லை என்று நினைக்காதே. "மாடு வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு மாடு. "மாட்டை வாங்கிவிட்டேன்" என்றால் நீயும் நானும் முன்பே பேசி வைத்திருந்த அந்த மாடு. நாம் ஒரு 'ஐ' போட்டுச் சொல்வதை அவர்கள் முன்னால் ஒரு சொல் வைத்துச் சொல்கிறார்கள். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் பாதி வட்டம் குறையும், செய்து பார்.

அப்புறம் முதல் பத்தியின் ஓரத்தில் 'உன் கருத்து எங்கே' என்று எழுதியிருக்கிறாரே, அதுதான் உனக்கு ரொம்ப வலித்தது என்று நினைக்கிறேன். நம் ஊரில் பத்திரிகை வைக்க ஒரம்பரை வந்தால் மழை உண்டா, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, வெள்ளாமை எப்படி என்று எல்லாம் கேட்டு, காபி குடித்து முடித்த பிறகுதான் தாம்பாளத்தை எடுப்பார்கள். நீயும் அப்படித்தான் எழுதியிருக்கிறாய், கருத்து கடைசிப் பத்தியில் அழகாக இருக்கிறது. அங்கே கல்லூரிக் கட்டுரையில் தாம்பாளத்தை வாசலிலேயே நீட்ட வேண்டும், தீசிஸ் என்கிறார்களே, அது. அது அந்த ஊர் முறை, உனக்கு அறிவு குறைவு என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, இது முக்கியம். மனப்பாடம் செய்ததை அப்படியே எழுதினால் இங்கே மார்க் போட்டார்கள். அங்கே அடுத்தவர் வரியைப் பெயர் சொல்லாமல் எழுதினால் திருட்டு, பிளேஜியரிசம் என்று பாடத்தில் பூஜ்யம்கூடப் போடுவார்கள். அடுத்தவர் சொன்னதை உன் சொல்லில் எழுதி, அவர் பெயரையும் சொல்கிற பழக்கத்தை ஈ.எஸ்.எல். எழுத்து வகுப்பிலேயே கற்றுக்கொள். காம்போசிஷனில் அது தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள்.

பணமும் நேரமும் வீணாகும் என்று பயப்படாதே. உன் காலேஜைப் போன்ற கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில், அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு யூனிட் என்கிற பாட அளவுக்கு 46 டாலர், யூனிட் கணக்கில் சேராத, கிரெடிட் இல்லாத ஈ.எஸ்.எல். வகுப்புகளுக்குப் பாடக் கட்டணமே கிடையாது. 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உன்னைப் போன்றவர்கள் மூன்று வருடத்துக்குள் அந்தக் காம்போசிஷன் பாடத்தை முடிக்க வாய்ப்பு அதிகமாக இருக்கிற மாதிரிதான் கல்லூரி வழி வகுக்க வேண்டும். வருடக்கணக்கில் கீழ் வகுப்பிலேயே சுற்றவிட்டதால் வந்த சட்டம் அது. அங்கே வேலைக்குப் போனவரின் மனைவிக்குத் தருகிற எச்4 விசாவில் படிக்கத் தடையில்லை என்று மாப்பிள்ளையும் சொன்னார். என் யோசனை, எழுத்துக்குக் கிரெடிட் வகுப்பை எடு, பேச்சுக்குச் சாயங்காலம் இலவச வகுப்புக்குப் போ. அந்த வியட்நாம்காரம்மா பக்கத்திலேயே உட்கார். அவங்களுக்கும் தமிழ் தெரியாது, உனக்கும் வியட்நாம் பேச்சு தெரியாது, இரண்டு பேரும் இங்கிலீஷில்தான் பேசியாக வேண்டும்.

உன் 'கர்னல்' அங்கே வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள் அம்மிணி. அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் அப்படி ஒரு சொல் இருக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாயே, பெயரை எடுத்துவிடாமல் இரு. அம்மா பார்சலுக்கு மஞ்சள்தூளும் கொள்ளும் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த கட்டுரையையும் டீச்சர் திருத்தினதோடு எனக்கு அனுப்பு, நானும் படிக்கிறேன்.

அப்பா