கியர் லிவர் வழுக்கினால் போல்ட்டை இறுக்கினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், பாலைவனப் பந்தயங்களில் ஓடும் நான்கு சக்கரக் குவாட் பைக்குகளின் பராமரிப்பைப் பற்றி அண்மையில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். ஏர் ஃபில்டரைப் பற்றியும் செயினைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், காலால் இயக்கும் கியர் லிவர் வழுக்கினால் அதன் போல்ட்டை இன்னும் நன்றாக இறுக்கிவிட்டு வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாம் என்ற ஒரு வரியை மட்டும் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது. ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் பதினான்கு ஆண்டுகள் இவ்வகை வண்டிகளைப் பழுதுபார்த்தவன் நான். அந்த ஒரு வரியின்படி நடந்துகொண்டவர்களால்தான் எங்களுக்கு வேலை குறையாமல் இருந்தது.

துபாயிலிருந்து ஹத்தா செல்லும் சாலையில், அல் பதாயர் அருகே இருக்கும் செம்மணல் மேட்டை அங்குள்ள தமிழர்களில் பலர் பார்த்திருப்பார்கள். குளிர்காலம் தொடங்கியதும் விடுமுறை நாள்களில் அங்கே யமஹா ராப்டர் 700, ஒய்எஃப்இசட்450, பழைய பான்ஷீ என்று வரிசையாக வண்டிகள் வந்து நிற்கும். வார விடுமுறை வெள்ளிக்கிழமையாக இருந்த நாள்களில், எங்கள் பட்டறைக்கு வெள்ளி இரவில்தான் கூட்டம் அதிகம். வந்த வண்டிகளில் ஆடாத கியர் லிவர் உள்ளதைக் காண்பது அரிதாக இருந்தது.

கியர் லிவர் எவ்வாறு பொருத்தப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தால் என் மறுப்பின் காரணம் விளங்கும். எஞ்சினின் இடப்பக்கத்தில், கியரை மாற்றும் தண்டான கியர் ஷாஃப்ட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுற்றி மெல்லிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். லிவரின் துளைக்குள்ளும் அவற்றுக்கு ஈடான பற்கள் உண்டு. துளையின் ஒரு பக்கம் பிளந்திருக்கும். பிளவின் குறுக்கே செல்லும் 6 மி.மீ. போல்ட் அதை நெருக்கும்போது லிவர் ஷாஃப்ட்டைக் கவ்விக்கொள்ளும். ஷாஃப்ட் கடினமாக்கப்பட்ட எஃகால் ஆனது. லிவர் அதைவிட மென்மையான எஃகாலோ அலுமினியத்தாலோ ஆனது. ஆகவே இரண்டில் முதலில் தேய வேண்டியது லிவர்தான். விலை குறைந்த, வெளியே இருக்கிற, பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய உறுப்பு தேய்ந்து, எஞ்சினுக்குள் இருக்கும் உறுப்பைக் காப்பாற்றுகிறது என்று நான் சொல்வதுண்டு. தேய்ந்த லிவரை மீண்டும் மீண்டும் இறுக்கி ஓட்டுகிறவர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறார். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் போல்ட் சிறிது தளர்ந்தவுடன் மாவைப் போன்ற நுண்மணல் பற்களுக்கிடையே புகுந்துகொள்ளும். அதன் பிறகு கால் ஒவ்வொரு முறை லிவரை அழுத்தும்போதும் அம்மணல் உப்புத்தாளைப் போல இரு பக்கப் பற்களையும் அராவும். கடினமான எஃகுக்கும் அப்போது விதிவிலக்கு இல்லை.

ஆட்டம் சிறிதுதானே என்று எண்ணுவோருக்கு ஒரு கணக்கு. ஷாஃப்ட்டின் ஆரம் 6 மி.மீ., லிவரின் நீளம் 120 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பற்களில் அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலே லிவரின் முனையில் 10 மி.மீ. வீணாகிவிடும். ஓட்டுநரின் கால் முழுத் தூரம் நகர்ந்துவிட்டது. உள்ளே ஷாஃப்ட் முழுத் தூரம் திரும்பவில்லை. கியர் பாதி விழுந்த நிலையில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கியர்களின் பக்கவாட்டுக் கொக்கிகள் முனையோடு முனை உரசி மழுங்கும், கியர்களை உள்ளே நகர்த்தும் ஃபோர்க் வளையும். பந்தயத்தில் இதைவிடப் பெரிய அபாயம் வேறொன்று உண்டு. மணல்மேட்டில் ஏறும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க முயன்று, கியர் எதிலும் விழாமல் நின்றால், எஞ்சின் அலறும், வண்டி உந்துவிசையை இழந்து பின்னோக்கிச் சரியும். அந்நிலையில் குவாட் பைக் எவ்வளவு எளிதில் கவிழும் என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள்.

ஒருமுறை உள்ளூர் இளைஞர் ஒருவர் ஒய்எஃப்இசட்450 வண்டியைக் கொண்டுவந்தார். அதற்கு முன் பார்த்த மெக்கானிக், லிவரின் பிளவு முற்றாக மூடும்வரை போல்ட்டை இறுக்கியிருந்தார். மரை போனதும் துளையைப் பெரிதாக்கித் தடித்த போல்ட் ஒன்றைப் போட்டிருந்தார். நான் புதிய லிவரை மாட்டினேன். அதுவும் வழுக்கியது, ஏனெனில் ஷாஃப்ட்டின் பற்கள் அதற்குள் மொட்டையாகிவிட்டிருந்தன. பிறகு ஆயிலை வடித்து, வலப்பக்கக் கிளட்ச் கவரைத் திறந்து, கிளட்ச்சைக் கழற்றி, ஷாஃப்ட்டை அந்தப் பக்கமாக உருவி எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. அந்த இளைஞர் லிவரின் விலையைப்போல் பல மடங்கு செலவழித்தார்.

இன்று இந்தச் செலவைவிட உதிரிபாகத் தட்டுப்பாடே பெரிய சிக்கல். 2004-இல் வந்த ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர், 2006-இல் வந்த சுசுகி எல்டி-ஆர்450, 2008-இல் வந்த கவாசாகி கேஎஃப்எக்ஸ்450ஆர் ஆகிய மூன்றின் தயாரிப்பும் நின்று ஆண்டுகள் பல ஆகின்றன. நெடுந்தூரப் பாலைவனப் பந்தயமான டக்காரில் 2009 முதல் தனிப்பிரிவாக இருந்த குவாட் பந்தயமும் 2024-உடன் முடிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகள். அவற்றுக்கு லிவர் எங்கும் கிடைக்கும், பிற நிறுவனங்களும் செய்கின்றன. ஷாஃப்ட் அப்படிக் கிடைப்பதில்லை.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஷாஃப்ட்டின் முனையிலிருந்து லிவரின்மேல் வரை வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, கையால் லிவரை மேலும் கீழும் அசைத்தால் போதும். கோடு உடையாமல் இரண்டும் சேர்ந்தே நகர்ந்தால், அது கியர் அமைப்புக்கு இயல்பான இடைவெளி; லிவரைக் குறைசொல்ல வேண்டாம். கோடு இரண்டாக விலகினால் பற்களில் தேய்மானம். ஷாஃப்ட்டைத் திருப்பும்போது அதன் முனை வட்டமடித்து ஆடினால், வண்டி எப்போதோ விழுந்ததில் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது என்று பொருள்.

கழற்றும்போது போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். பல வண்டிகளில் அந்த போல்ட் ஷாஃப்ட்டில் வெட்டப்பட்ட பள்ளத்தின் வழியாகச் செல்வதால், அது உள்ளே இருக்கும்வரை லிவர் வராது. இதை அறியாமல் லிவருக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து எஞ்சின் கவரில் முட்டுக்கொடுத்து நெம்பியவர்கள், கவரை உடைத்துக்கொண்டு வந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். துருவேறிப் பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டுவிட்டு, பிளவுக்குள் தட்டையான ஸ்க்ரூ டிரைவரைச் செருகிச் சற்றே அகட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால், இழுத்துக் கழற்றும் கருவியான சிறிய புல்லர் இருக்கிறது. சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை.

லிவர் வந்தபின் ஷாஃப்ட்டின் பற்களைக் கம்பித் தூரிகையாலும் மண்ணெண்ணெயாலும் கழுவி, காயவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பற்கள் கூராகவும் சீராகவும் இருந்தால் பிழைத்தோம். ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையமான ஆயில் சீல் கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பற்களில் கிரீஸ் தடவச் சொல்வோர் உண்டு. சேற்றிலும் மழையிலும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம்; மணலில் ஓடும் வண்டிக்கு நான் தடவுவதில்லை, ஏனெனில் கிரீஸ் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புதிய லிவரை எந்தப் பல்லில் ஏற்றுவது என்பதை ஓட்டுநரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். அவர் பந்தயத்தில் அணியும் தடித்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தும் ஃபுட் ரெஸ்ட்டில் எழுந்து நின்றும் கியரை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். செருப்புக்காலோடு வைத்துப் பார்த்துப் பொருத்திய லிவர் பந்தய நாளன்று பூட்ஸின் அடியில் மாட்டிக்கொள்ளும். ஒரு பல் மாற்றினாலே முனையின் உயரம் நன்கு மாறும். எந்த நிலையிலும் லிவர் எஞ்சின் கவரில் உரசக்கூடாது. கல்லில் மோதி உள்ளே வளைந்தாலும் கவரைத் தொடாத இடைவெளி வேண்டும். போல்ட்டின் மரையில் நடுத்தர வலிமையுள்ள மரைப் பசை ஒரு சொட்டு போதும். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் போதுமானது. வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். இறுக்கிய பிறகும் பிளவில் சிறிது இடைவெளி தெரிய வேண்டும். பிளவு முற்றாக மூடிவிட்டால் அதற்குமேல் எவ்வளவு இறுக்கினாலும் பிடி அதிகமாகாது, மரைதான் போகும். அந்த இடைவெளியை வரவழைக்க ரம்பத்தால் பிளவை அகலப்படுத்துவது பந்தயத்தின் நடுவே வீடு வந்துசேர உதவலாம். அதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது.

பிறகு பின்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சினை அணைத்த நிலையில் ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர் எல்லாக் கியரையும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். சக்கரம் சுற்றாதபோது கியர் சரியாக விழாமல் போவது இயல்பு. அதைக் கண்டு பயந்துவிடக்கூடாது. முதல் ஓட்டம் முடிந்ததும் போல்ட்டை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பதும் அவசியம்.

லிவரை ஷாஃப்ட்டோடு வெல்டிங் வைத்துவிடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்த வெப்பத்தில் ஆயில் சீல் கருகும், மின்னோட்டம் எஞ்சினின் பேரிங்குகள் வழியாகவும் பாயக்கூடும், பிறகு அந்தப் பக்கக் கவரைக் கழற்றவேண்டுமானால் லிவரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பளபளக்கும் வண்ண அலுமினிய லிவர்களின்மேல் எனக்குப் பெரிய மோகம் இல்லை. பற்கள் ஆழமாகவும் துல்லியமாகவும் வெட்டப்பட்ட, முனை மடங்கி மீளும் லிவரானால் எந்த நிறமாயினும் சரி.

வளைகுடாவில் பணிபுரியும் தமிழ் மெக்கானிக்குகள் பலர் தங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கிறார்கள் என்பதால், அடுத்த வாரப் பக்கத்தில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடமில்லையென்றால், பெயின்ட்டால் கோடு இழுத்துப் பார்க்கும் முறையை மட்டுமாவது சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் குவாட் பைக் மெக்கானிக் ஒருவர்,
காரைக்குடி.