அந்தப் பதினெட்டுப் பேரும் என் குதிகாலும்

சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். போனில் "எய்யா" என்று ஆரம்பிக்கும்போதே உங்களுக்கு அழுகை வந்துவிடுகிறது. அப்புறம் நான் சொல்வது எதுவும் காதில் ஏறுவதில்லை. அதனால்தான் கடிதம். தங்கச்சியை நிதானமாக வாசித்துக்காட்டச் சொல்லுங்கள்.

முதலில் கால். சாரத்திலிருந்து விழுந்ததில் உடைந்த குதிகால் எலும்பில் தகடு வைத்துத் திருகாணி போட்டிருக்கிறார்கள். தையல் பிரித்தாகிவிட்டது. கக்கத்தில் கட்டை வைத்துக் குளியலறை வரை நானே போய்வருகிறேன். அடுக்குக் கட்டிலில் எனக்கு மேல்தட்டுதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, கீழே படுத்திருந்த பங்களாதேஷ்காரர் தன் பாயையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஏறிவிட்டார். நோன்பு பிடிக்கிற மனுஷன். வேலைக்கு லாரி ஏறுமுன் என் தண்ணீர் பாட்டிலை நிறைத்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறார்.

பணத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். இந்த ஊர்ச் சட்டப்படி வேலையில் அடிபட்டால் யார் மேல் தப்பு என்று பார்ப்பதில்லை. ஓர் உச்சவரம்பு வரை வைத்தியச் செலவு முதலாளியுடையது. ஆஸ்பத்திரி விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் விபத்து நடந்து ஒரு வருஷம் ஆகும் வரை மூன்றில் இரண்டு பங்கு. தங்குமிடத்துக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடு என்று சூப்பர்வைசர் முதலில் காதைக் கடித்தார்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது எல்லாம் முறைப்படி பதிவாகிவிட்டது, விடுங்கள்.

இனி நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற பேச்சுக்கு வருகிறேன். என் முதல் சம்பளத்தில், கோயிலில் எல்லாருக்கும் சோறு போடுகிற அசன பண்டிகைக்கு அரிசி தருவதாகக் கர்த்தரிடம் நேர்ந்து பொருத்தனை பண்ணி, ஏஜெண்டு கடனில் அது தள்ளிப்போய்விட்டது. அதனால் கர்த்தர் என் காலைத் தொட்டுவிட்டார் என்கிறீர்கள். அம்மா, லூக்கா 13-ஐ எடுக்கச் சொல்லுங்கள். "சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேரைக் கொன்றதே" என்று ஆண்டவர் பேசுகிறார். எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டு, "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார். அதே மூச்சில் எல்லாரையும் மனந்திரும்பச் சொல்கிறார். அது விழுந்த எனக்கும்தான், சாரத்தில் விழாமல் நின்றவனுக்கும்தான். கோயிலில் சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம்தான். ஆனால் கட்டட வேலைக்காரன் படித்தால் முதலில் தோன்றுவது, அந்தக் கோபுரத்தை யார் கட்டினார்கள், எதை வைத்துக் கட்டினார்கள் என்பதுதான். என் சாரத்தில் ஒரு பலகையைக் கட்டாமல் விட்டிருந்தார்கள். அதைக் கர்த்தர் அவிழ்த்துவிடவில்லை.

விழுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு, சிட்டி ஹால் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளை வெளேரென்று நிற்கும். அதைக் கட்டியது யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கைதிகள். 1856-ல் அடிக்கல், 1862-ல் பிரதிஷ்டை. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் முரட்டுச் சர்க்கரையும் போட்டு அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசினார்களாம். மதராஸ் சுண்ணாம்பு என்றே அதற்குப் பெயர். பூச்சு வேலை தெரிந்தவன் என்பதால் சுவரைத் தடவாமல் வர மனசு வரவில்லை. சொல்ல வந்தது வேறு. அதே இடத்தில் முன்னால் இருந்த ஆலயத்தில் 1845-லும் 1849-லும் இடி விழுந்தது. அபாயம் என்று மூடி, பிறகு இடித்தேவிட்டார்கள். ஆண்டவருடைய வீட்டின் மேலேயே இரண்டு தடவை இடி விழுந்திருக்கிறதே, அது எந்தப் பொருத்தனை பாக்கிக்கு?

எங்கள் பிளாக்கிலேயே ஜெபக்கூட்டம் நடத்துகிற அண்ணன் ஒருவர் இன்னொரு பக்கம் இழுக்கிறார். விசுவாசம் இருந்தால் கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு நடப்பாயாம். நல்ல மனுஷர்தான், கஞ்சி வைத்துக் கொண்டுவந்து தந்தவர். அதனால் வாக்குவாதம் பண்ணவில்லை. அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டாரே, அவருக்குக் கிடைத்தது "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தானே, பவுலுக்கே விசுவாசம் போதவில்லையா என்று மட்டும் கேட்டேன். அவர் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

படுத்துக் கிடக்கையில், இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். காணிக்கை போட அவனிடம் காசு கிடையாது, ஞானஸ்நானம் எடுக்க நேரம் கிடையாது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று இயேசு சொன்ன வார்த்தை அவனுக்குச் சும்மாவே கிடைத்தது. கர்த்தர் தருகிற ஈவு என்றால் அப்படித்தான். ஆனால் யோவான் 19-ல் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். சாயங்காலம் போர்ச்சேவகர் வந்து, இயேசுவின் இருபக்கமும் தொங்கிய இரண்டு பேருடைய காலையும் முறித்துப்போட்டார்கள். இரட்சிக்கப்பட்டவன் கால் என்று விட்டுவைக்கவில்லை. அவன் பரதீசுக்கு முறிந்த காலோடுதான் போனான் அம்மா. இதை நினைத்த ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

எல்லா ராத்திரியும் அப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சில ராத்திரி ஜெபமே வராது. 88-ம் சங்கீதத்தை மட்டும் வாசித்துவிட்டுப் படுப்பேன். கடைசிவரை இருட்டாகவே போய், ஒரு நன்றிகூடச் சொல்லாமல் முடிகிற சங்கீதம். அதையும் கர்த்தர் வேதத்தில் வைத்திருக்கிறாரே, நான் புலம்பினால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்த மாதப் பணம் அடுத்த வாரம் வரும். முதலில் அடகில் இருக்கிற சங்கிலியை மீட்டுவிடுங்கள். மீதியில் தங்கச்சி பரீட்சைப் பணம் கட்டட்டும். அப்புறம் கையில் இருந்தால் அசனத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுங்கள், எனக்கும் ஆசைதான். கோயில் போதகர் ஐயர் என்ன காரியத்துக்கு என்று கேட்டால் ஸ்தோத்திரக் காணிக்கை என்று எழுதச் சொல்லுங்கள். என் காலைப் பற்றிச் சீட்டில் ஒன்றும் வேண்டாம்.

உங்கள் அன்பு மகன்